ராசியான ஃபைல்

வீராம்பட்டினத்தில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் பயப்படுகிறவனை ஊர் சும்மா விடுமா? முத்துவேலையும் விடவில்லை. நாற்பத்திரண்டு வயதாகியும், "என்னா முத்து, காலு நனைஞ்சிடுச்சா?" என்று கிண்டல் செய்ய ஆட்கள் இருந்தார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயதில் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை. ஒதுங்காத உடம்புக்குக் கருமாதி கிடையாது என்று அம்மா சொர்ணம் பிடிவாதமாக நின்றாள். தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். ஆறாவது வருஷம்தான் பங்காளி ஒருவர் வாய் திறந்தார். அப்பா காணாமல் போன வாரமே கடலூர்ப் பக்கம் உடம்பு மிதந்ததைப் பார்த்தாராம். அவள் மனசு தாங்காது என்று சொல்லாமல் விட்டாராம். அம்மா அழவில்லை. "ஆறு வருஷ சோறு" என்று மட்டும் சொன்னாள்.

அதனால் அவன் துடுப்பைத் தொடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பதினாறு வருஷம் அரியாங்குப்பம், பாகூர் பக்கம் குட்டியானை வேனில் பிஸ்கட் லைன். கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பதும் அவன்தான், சரக்கு இறக்குவதும் அவன்தான். இந்த வருஷம் ஏஜென்சிக்காரர் வயசாகிவிட்டது என்று கடையை இழுத்து மூடினார். அண்ணன் வந்தார். "ஆடித் தேர் வரைக்கும் பாரு. அதுக்குள்ள வேல கெடைக்கலன்னா என் போட்டுக்கு வந்துடு. ஆள் கொறையுது." தேருக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. முத்துவேலுக்கு அன்று இரவே கனவில் தண்ணீர் வந்தது.

தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு குளிர்பான ஏஜென்சியில் டிரைவர் கம் சேல்ஸ்மேன் வேண்டும் என்று தெரிந்ததும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹேமலதாவிடம் ஓடினான்.

"ஒரு பயோடேட்டா அடிச்சிக் குடும்மா."

"பயோடேட்டா கல்யாணத்துக்குண்ணே. இது ரெஸ்யூம்."

மூன்று கேள்வி கேட்டாள். ஐந்து நிமிஷம் தட்டினாள். இரண்டு பக்கம் வந்து விழுந்தது. முத்துவேல் எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிப்பான். முந்நூற்றுப் பத்துக் கடை பார்த்தவர், காலை ஏழு மணிக்குள் முதல் கடையில் சரக்கு இறக்குபவர், ஒரு பாட்டில் உடைத்ததில்லை, கதிர்காமம் லைன் அத்துப்படி. படிக்கப் படிக்க அவனுக்கே இந்த ஆள் மேல் மரியாதை வந்தது.

"கதிர்காமம் லைன் நான் ஓட்டினதே இல்லியேம்மா."

"இருக்கட்டும்ணே. இது ராசியான ஃபைல். இத எடுத்துட்டுப் போனவங்க ஏழு பேரு. ஏழு பேருக்கும் வேல."

ராசி என்ற வார்த்தை காதில் விழுந்தால் நம் ஆட்களுக்கு அப்புறம் கேள்வி வராது. காகிதத்தை மடித்துக்கொண்டு போனான்.

மேனேஜர் கலைவாணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிரைவரை எடுக்கும் முன் அவன் வீட்டுக்குப் போன் போடுவார். புதுச்சேரியில் டிரைவர் குடிப்பாரா மாட்டாரா என்பது பெண்டாட்டிக்குத்தானே தெரியும்? "கதிர்காமம் தெரியும்ல?" என்று கேட்டார். முத்துவேலுக்கு அண்ணனின் போட் கண்முன் ஆடியது. "தெரியும் சார்" என்றான்.

மறுநாள் வேலை உறுதியானது. "உங்க வீட்ல பேசினேன். அவங்க வார்த்தைக்குத்தான் வேல" என்றார் கலைவாணன். "தொடவே மாட்டாரு, சரக்கைக் கண்ணு மாதிரி பாத்துப்பாருன்னாங்க. வீட்டுக்கு மட்டும் சீக்கிரம் அனுப்பிடுங்க சார்னு அழுதுட்டாங்க. உங்க போன் நம்பரக்கூட எங்கிட்டக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. வீட்லயே நம்பர் குடுக்கலியா நீங்க?"

வீட்டுக்குப் போய் ஜெயசித்ராவைக் கேட்டான்.

"எங்கிட்ட யாரும் பேசலியே" என்றாள் அவன் மனைவி. "நான் எதுக்கு அழணும்?"

ரெஸ்யூமை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் பார்த்தான். அடியில் மூலக்குளத்து முகவரி ஒன்றும் ஒரு போன் நம்பரும் இருந்தன. இரண்டும் அவனுடையவை அல்ல.

முதல் நாள் மதியம் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது போனில் மெசேஜ் வந்தது. அதே நம்பர். "சாப்டாச்சா?"

மறுநாளும் அதே நேரத்துக்கு அதே கேள்வி. மூன்றாம் நாள், "மழைல வண்டி எடுக்காதீங்க" என்று வந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிட்டான்.

அன்று சாயங்காலம், மரத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் கோவிந்தசாமி ஐயா அவனை நிறுத்தினார்.

"ரெண்டு சின்னது, ஒரு பெருசுன்னு ஹாரன் அடிக்கிறியே, யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லீங்க. எப்பவும் இப்படித்தான் அடிப்பேன்."

"பாலகுரு இப்படித்தான் அடிப்பான். இதே லைன்தான். ரெண்டு வருஷம் முன்ன வந்த வெள்ளத்துல சங்கராபரணி ஆத்துல அவன் வண்டி கெடைச்சுது. ஆளு கெடைக்கல." கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ அடிச்சதும் காலி பாட்டில் சாக்கை எடுத்துக்கிட்டு எழுந்துட்டேன் பாரு."

முத்துவேல் நேராக ஹேமலதா கடைக்குப் போனான். அந்த ஃபைல் முதலில் யாருக்கு அடித்தது என்று கேட்டான்.

"பாலகுருன்னு ஒரு அண்ணன். நல்ல மனுஷன், ஒவ்வொரு வரியும் அவரே சொல்லச் சொல்ல அடிச்சது. அப்பறம் வர்றவங்களுக்கெல்லாம் மேல இருக்கற பேரையும் நம்பரையும் மட்டும் மாத்துவேன். ராசியான ஃபைல்ல அதுக்கு மேல எதுக்குக் கைய வைக்கணும்?"

அவர் செத்துப்போனதைச் சொன்னதும் மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த நம்பரை பிளாக் செய்திருக்கலாம். கதை அத்தோடு முடிந்திருக்கும். போய் உண்மையைச் சொன்னால் மெசேஜ் போடுகிற அந்தப் பெண் மேனேஜருக்குப் போன் போடுவாள், பொய் வெளியே வரும், தேர் முடிந்ததும் போட்டில் ஏற வேண்டியதுதான். ஆனால் படுத்தால் "ஆறு வருஷ சோறு" என்று அம்மாவின் குரல் கேட்டது. இரண்டு ராத்திரி புரண்டுவிட்டு, மூன்றாம் நாள் மதியம் வண்டியை மூலக்குளத்துக்குத் திருப்பினான்.

வீட்டைக் கண்டுபிடித்து நிறுத்தினான். கை பழக்க தோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டது. ரெண்டு சின்னது, ஒரு பெருசு.

கதவு படாரென்று திறந்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். பாலகுருவின் மனைவி தனக்கொடி. டிரைவர் சீட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றிப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள்.

"அவரு எறங்கலியா?"

முத்துவேல் வண்டியிலிருந்து இறங்கினான்.

"மூணு தடவ இப்படித்தான் வண்டி வந்து நின்னுது. நான் வர்றதுக்குள்ள போயிடும். இன்னிக்குத்தான் போவாம நின்னிருக்கு" என்றாள் மூச்சு வாங்க. "கம்பெனி கம்பெனியா கேக்கறாங்க தம்பி. அஞ்சு பேரு போன் பண்ணிட்டாங்க. கதிர்காமம் லைன், ஏழு மணிக்குள்ள சரக்கு, எல்லாம் அவருதான். பேர மட்டும் மாத்தி மாத்தி சொல்றாங்க. தண்ணில அடிபட்டு அவருக்குப் பேரு மறந்துடுச்சு போல. அதான் நேரத்துக்குச் சாப்புடச் சொல்லி மெசேஜ் போடறேன்."

அவள் தோளுக்குப் பின்னால், உள்ளே தரையில், இரண்டு தட்டுகள் தெரிந்தன. ஒன்று மூடியிருந்தது.

அந்தத் தட்டை அவனுக்குத் தெரியும். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். ஜெராக்ஸ் கடை, ராசி, மாற்றாமல் விட்ட இரண்டாம் பக்கம், தான் சொன்ன பொய். வந்துவிட்டு ஓடிய வண்டிகள் தன்னைப்போல் வேலை கிடைத்தவர்களுடையதாக இருக்கும் என்றான். சொல்லும்போது அவனுக்குத்தான் கண்ணீர் வந்தது.

தனக்கொடி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அஞ்சு கம்பெனியிலயும் அவரு இல்ல."

"இல்லக்கா."

"அவங்கல்லாம் ஏன் சொல்லல?"

"வேல போயிடும்னு பயந்திருப்பாங்க."

"ஒனக்குப் போவாதா?"

"போவும்க்கா."

அவள் போனை எடுத்தாள். கலைவாணனுக்குத்தான் போடுகிறாள் என்று தெரிந்தது. முத்துவேல் வண்டியில் சாய்ந்துகொண்டான். காதுக்குள் அலைச் சத்தம்தான் கேட்டது.

"சார், அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரரப் பத்தி. அவரு..." குரல் நின்றது. "அவரு வெள்ளத்துல செத்துட்டாரு." இரண்டு வருஷத்தில் அவள் வாய் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "முத்துவேல எனக்குத் தெரியாது. இந்த லைன் ஓட்டுனதும் இல்லியாம். ஆனா யாரும் எறக்காத சரக்க எங்க வீட்ல வந்து எறக்கிட்டான் சார். இவன நம்பி வண்டிய குடுக்கலாம்."

கலைவாணன் கத்தாமல் இல்லை. அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டித் தீர்த்தார். கதிர்காமத்தைப் பிடுங்கிக்கொண்டு, ஆள் இல்லாமல் கிடந்த அரியாங்குப்பம் லைனைக் கொடுத்தார். ஹேமலதா அந்த ஃபைலை அழித்தாள். பட்டனை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆடித் தேர் வந்தது, போனது. அண்ணன் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

தேர் முடிந்த மறுநாள் மதியம் முத்துவேல் டிபன் பாக்ஸைத் திறந்தான். பழக்கத்தில் போனைப் பார்த்தான். அவன் மூலக்குளம் போய் வந்த நாளிலிருந்து அந்த நம்பரிலிருந்து எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவனே அடித்தான். "அக்கா, சாப்டீங்களா?"

பதில் வரக் கால் மணி நேரம் ஆனது.

"சாப்டேன் தம்பி. ஒரு தட்டுதான் போட்டேன்."