ஏலக்காய் ஸ்டோரில் திறந்த சிவப்பு ஒயின்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஒயினைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் போன கார்த்திகைவரை ஒரு மடக்குகூடக் குடித்ததில்லை. இந்தத் தகுதியோடுதான் அந்த மாதம், போடிமெட்டுக்கு மேலே மச்சினனின் ஏலத்தோட்டத்தில் நிபுணராகப் போய் உட்கார்ந்தேன்.

அவனுடைய கிழக்குச் சரிவில் அழுகல் நோய் விழுந்து பாதிச் செடி போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, குளிர்ந்த மலைச்சரிவுத் திராட்சையில்தான் நல்ல சிவப்பு ஒயின் வரும், அந்த வெளிநாட்டு மலைகளிலும் இதே பனி, இதே மேடு என்று போனில் அளந்துவிட்டேன். அவன் நம்பிவிட்டான். மிச்சச் செடியையும் பிடுங்கிவிட்டுத் திராட்சை போட முடிவுகட்டி, ஆட்களுக்கும் சொல்லிவைத்தான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், அப்படியொரு மலைநாட்டு ஒயின் பாட்டிலை எனக்குத் தந்திருந்தான். அதை நான் ருசி பார்த்து, "நம்ம மண்ணுக்கு ஒத்துவரும்" என்று சொன்னால் மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கும். இதுதான் ஏற்பாடு. பாட்டிலோடும் மனைவியோடும் ஜீப்பில் ஏறினேன்.

சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. அங்கே கதகதப்பான இடம், ஏலக்காயைச் சூடுகாட்டி உலர்த்தும் ஸ்டோர் ஒன்றுதான். மூட்டைகள்மேல் உட்கார்ந்தோம். கார்க்கைத் திறக்கக் கருவி இல்லை. ஜீப் டிரைவர் ஸ்குரூ டிரைவரால் குத்த, கார்க் உள்ளே போய்விட்டது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் கார்க் தூள் மிதந்தது.

"நல்ல ஒயினுன்னா வண்டல் இருக்கும்" என்றேன்.

டம்ளரைச் சுழற்றி, கண்ணை மூடி, மூக்கை நுழைத்தேன். தூக்கிவாரிப் போட்டது.

"மாப்ளே, இதுல ஏலக்காய் வாசம் வருது! மலை மண்ணு பேசுதுய்யா!"

"நெசமாவா மாமா? இதுக்குள்ளயே கெடந்து எனக்கு ஏலக்காய் வாசமே மூக்குல ஏற மாட்டேங்குது. நீங்க சொன்னாச் சரிதான்" என்றவன், உடனே போனை எடுத்து மேஸ்திரியிடம், "காலைல வெரசா வந்துரு அப்பு, ஒண்ணு விடாமப் பிடுங்கணும்" என்றான்.

"அப்படி என்னதான் இருக்கு, கொண்டாங்க" என்று டம்ளரை வாங்கிய என் மனைவி, உள்ளே வெக்கை தாங்காமல் வாசலுக்குப் போய் முகர்ந்தாள். "ஏங்க, இங்கன வந்து மோந்து பாருங்க."

போனேன். பனிக்காற்றில் ஏலக்காயைக் காணோம். உள்ளே வந்தேன், இருந்தது. மறுபடி வெளியே, இல்லை. சந்தேகம் தீராமல், ஸ்டோருக்குள் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை முகர்ந்தேன். அதிலும் மலை மண் பேசியது.

"அண்ணே, நீங்க உக்காந்திருந்ததே ஏலக்காய் மூடை மேலதான்" என்றார் டிரைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மச்சினன் சிரிக்கவில்லை. வாசலில் நின்று இருட்டும் சரிவையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மறுபடி போன். "அப்பு, அழுகுனதை மட்டும் எடுத்தாப் போதும். நல்ல செடியில கை வைக்காத."

எனக்கு மூச்சு வந்தது. அங்கேயே நின்று முதல் மடக்கைக் குடித்தேன். நாவல்பழம் தின்றதுபோல நாக்கு சுருங்கியது. அதன் பின்னால் ஏதோ ஒரு வாசம் மெல்ல எழுந்தது. என்னவென்று கண்டுபிடிக்க இன்னொரு மடக்கு, இன்னொரு மடக்கு. பெயர் பிடிபடவில்லை. படித்த எதுவும் உதவிக்கு வரவில்லை.

அன்றிலிருந்து எதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வாயெடுத்தாலும், முதலில் எந்த மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

தப்பித்த செடிகளில் பறித்த ஏலக்காயை மச்சினன் தைப் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். மனைவி பாயசம் வைத்தாள். கிண்ணத்தை என் மூக்குக்கு நேராக நீட்டிக் கேட்டாள்:

"மோந்து பாத்துச் சொல்லுங்க, திராட்சை வாசம் வருதா?"