வீரம்மா நனைத்த மேளம்

வீரம்மாவை ஓரிடத்தில் உட்காரவைக்க யாராலும் முடியாது. சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் தின்பாள். தேயிலை மலையில் தன் நிரையில் கொழுந்தைப் பறித்து முடித்துவிட்டு அடுத்தவள் நிரையில் போய்க் கை வைப்பாள். "இவளுக்கென்னடி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும், அவர்களுக்கென்ன! புருஷன் அழகுமுத்து உயிரோடு இருந்தவரை அவள் இப்படி இல்லை.

கினிகத்தேனைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் அழகுமுத்துவும் அவன் தம்பி சிவசாமியும்தான் மேளக்காரர்கள். விடியலில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கும், திருவிழாவுக்கும், சாவுக்கும் அவர்கள் தப்பு மேளம்தான் முழங்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு கொட்டுச் சத்தம் இல்லாமல் குழிக்குப் போனான். போகவைத்தவள் கட்டிய பெண்டாட்டி.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சிங்கள-தமிழ்க் கலவர நேரம் அது. தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். அங்கிருந்து பலாக்காயும் வெற்றிலையும் கொண்டுவந்து லயத்தில் விற்பவள் பொடிமெனிக்கே. ஒரு நாள் அவள் கூடையை இறக்காமலே வீரம்மாவின் காதோடு ஒரு சேதி சொன்னாள். பெரட்டு நேரம் தவிர வேறு நேரத்தில் தப்புச் சத்தம் கேட்டால் தோட்டத்து ஆட்கள் அடிக்கத் திரள்கிறார்கள் என்று அர்த்தமாம். கேட்ட மாத்திரத்தில் முந்திக்கொண்டு லயத்துக்குத் தீ வைக்கக் கிராமத்து ஆண்கள் பந்தம் கட்டி வைத்திருக்கிறார்களாம். சாவுக் கொட்டும் சண்டைக்கு ஆள் திரட்டும் கொட்டும் வேறு வேறு என்று பயந்து கிடப்பவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

"நான் சொன்னதுன்னு சொல்ல வேணாம் அக்கே. எங்க ஆளு என்னக் கொல்லும்" என்றாள். வீரம்மா அவள் கையில் அடித்து வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் நெஞ்சுவலி வந்து அழகுமுத்து கண்ணை மூடிவிட்டான்.

சிவசாமி வாசலில் சருகைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சத் தொடங்கினான். சூடேறினால்தான் தோல் விறைத்து முழங்கும். வீரம்மா அழுகையை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"வேணாங்க தம்பி. சத்தம் கேட்டா கீழ இருந்து தீ வைக்க வருவாங்க."

"யாரு சொன்னா?"

"அத மட்டும் கேக்காதீங்க தம்பி."

"பேரக்கூடச் சொல்ல மாட்டேங்குறீங்க. ஊர்ச் சாவுக்கெல்லாம் கொட்டுன கை மதினி அது! எங்கண்ணன் மட்டும் நாதியத்துப் போகணுமா?" என்று அவன் குச்சியை எடுத்தான்.

பிணத்தைக் குளிப்பாட்டப் ஊற்றுப் பீலியில் பிடித்து வந்த குடத்துத் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. வீரம்மா அதைத் தூக்கித் தப்பின் மேலும் நெருப்பின் மேலும் ஊற்றிவிட்டாள்.

நனைந்த தோல் பொத்தென்றது. அதற்குமேல் ஒன்றும் எழும்பவில்லை. லயமே அவள் மீது மண்ணை வாரித் தூற்றியது. கிராமத்திலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை. அதுவே அவளுக்கு வினையாயிற்று. "எங்கடி உன் பந்தம்?" என்று கேட்டே கொன்றார்கள். பொடிமெனிக்கேயும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். சுவரை ஒட்டி அடுத்த காம்பராவில் குடியிருந்த சிவசாமி அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டான். நிஜமாகவே பந்தம் இருந்ததா, இல்லாத ஒன்றுக்குப் பயந்து புருஷனை அநாதையாக அனுப்பினோமா என்று வீரம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வந்த சந்தேகம் அவளைத் தூங்கவிடவில்லை.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. மேளத்தை நனைத்தவள் கதை அட்டன் கடைத்தெரு வரை பரவியிருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஏசினார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் இருந்த அசீசா டீச்சர் மட்டும் "ஏன் நனைச்சாங்க?" என்று கேட்டு, தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

"எல்லா நாட்டுலயும் இருக்காங்க வீரம்மா. சண்டையத் தடுக்கப் போயி சொந்த சனத்துக்கிட்டயே ஏச்சு வாங்குன பொம்பளைங்க. ஒருத்திக்கு ஒருத்தி துணையா இருக்கணும்னு சங்கம் வச்சிருக்காங்க. சங்கத்து அம்மா ஒருத்தங்க வெளிநாட்டுல இருந்து அட்டனுக்கு வர்றாங்க. சமாதானத்துக்கு நீங்க செஞ்சதச் சொல்லணும்."

"சமாதானமா? எனக்கே அது இல்லீங்களே டீச்சர்" என்றாள் வீரம்மா. ஆனாலும் போனாள். வீட்டில் மட்டும் இருப்புக் கொள்கிறதா என்ன!

பஸ்ஸில் பின் சீட்டில் சிவசாமி ஏறி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பத்துப் பேர் முன்னால் மானத்தை வாங்கத்தான் வருகிறான், பாவி!

மண்டபம் நிறையப் பெண்கள். தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள், கிராமத்துப் பெண்களும் இருந்தார்கள். சிவசாமி வாசலோடு நின்றுகொண்டான். வீரம்மா எழுந்தாள். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நான் சமாதானத்துக்குன்னு ஒண்ணும் செய்யலீங்க. எம் புருசனக் குளிப்பாட்ட வச்ச தண்ணிய மேளத்துல ஊத்திட்டேன். பந்தம் இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. இல்லேன்னா, அவருக்கு நான் செஞ்சது துரோகங்க. அதத்தான் சொல்ல வந்தேன்."

டீச்சர் அதை வெள்ளைக்கார அம்மாவுக்கு மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். பொடிமெனிக்கே! பக்கத்தில் இருந்த அவள் ஊர்க்காரி சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"பந்தம் இருந்தது" என்றாள், லயத்தில் விற்றுப் பழகிய தமிழில். "எங்க வீட்டுப் பின்னாலதான் இருந்தது. எம் புருஷன்தான் எண்ணெய் ஊத்தினது. தப்பு கேட்டாப் போறதுன்னு எல்லா ஆளும் நின்னது. கேக்கல்ல. அப்புறம் வீட்டுக்குப் போயிட்டது. அக்கேகிட்டச் சொன்னது நான்தான்."

மண்டபத்தில் கூச்சல் எழுந்தது. கிராமத்துப் பெண்கள் இரண்டு பேர் விருட்டென்று வெளியே போனார்கள். வெள்ளைக்கார அம்மா என்ன, என்ன என்று டீச்சரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு கதறினாள். புருஷன் செத்த அன்று பாதியில் நிறுத்திய அழுகை அது.

சிவசாமி பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து அவள் முன்னால் நின்றான்.

"மதினி" என்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனியாக நின்ற பொடிமெனிக்கேயைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த அக்காவையும் நம்ம லயத்துக்குக் கூப்புடுங்க மதினி. இன்னைக்கு அவங்க எப்படி அவங்க வீட்டுக்குப் போவாங்க?"