யாரு கேட்டாலும் சொல்லாதீங்க

இரண்டு வருடம் முன்னால், பம்மலில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் நடந்தது இது. என் கழுத்தில் ஒரு கட்டி. டாக்டர் ஊசியால் உறிஞ்சி டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார். மனைவி போனபிறகு நான் தனியாள். மகன் கனடாவில், மகள் பெங்களூரில். கழுத்தில் வீக்கம், டாக்டரைப் பார்க்கிறேன் என்று குடும்ப குரூப்பில் போட்டேன். இருவரும் ‘டேக் கேர்ப்பா’ என்றார்கள்.

அவர்கள் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டர்தான், கிளினிக் நம்பர் இருவரிடமும் உண்டு. அதனால் ரிசப்ஷன் பெண்ணிடம் கறாராகச் சொல்லிவைத்தேன். “பசங்க போன் பண்ணி நச்சரிப்பாங்கம்மா. யாரு கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.”

ரிசல்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை. வழக்கமாக வரும் மீன்காரம்மா வாசலில் குரல் கொடுத்தாலும் கதவைத் திறக்கவில்லை.

கடைசியில், “சாதாரணக் கட்டிதான், மாத்திரை போதும்” என்றார் டாக்டர். உயிர் வந்தது. ஆனால் டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்தால், அதைச் சொல்ல ஆளில்லை. அந்தப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே, “பசங்க ரொம்பத் தொல்லை பண்ணாங்களா?” என்றேன்.

அவள் தயங்கினாள். “போன் எதுவும் வரல சார்.”

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் திறக்க வராத கதவுக்குப் போய்ப் பூட்டு போட்டிருக்கிறேன். நல்லவேளை, அங்கே வேறு யாரும் இல்லை.

“ஆனா மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க நேர்லயே வந்தாங்க சார். ‘இங்க வந்துட்டுப் போனதுலருந்து கதவையே தொறக்கலியே, அந்த சாருக்கு இன்னா’ன்னு கேட்டாங்க. சொந்தமான்னு கேட்டேன், இல்லன்னாங்க. நான் சொல்லல. தப்பா சார்?”

தப்பே இல்லை என்றேன். நான் சொன்னதைத்தானே செய்தாள்.

கிளினிக்கைவிட்டு வெளியே வந்தேன். தெருவில் விற்றுவிட்டு வந்து எப்போதும் உட்காரும் எதிர்ப்பக்க மர நிழலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. “இன்னா சார், ஒடம்பு எப்டி கீது?” என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாதி வெட்டிய வவ்வால் மீனை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார். என் கண் கலங்கியதைக் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

திரும்பி கிளினிக்குக்குள் போய் ரிசப்ஷன் பெண்ணிடம், “அந்த அம்மா எப்போ கேட்டாலும் சொல்லும்மா” என்றேன்.

பிள்ளைகள்மேல் வருத்தமில்லை என்றால் அது பொய். இன்றும் அந்த கிளினிக்குக்குப் போகும்போது எதிர்ப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். எனக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஒரு ஆள் உண்டு என்ற தைரியத்தில்தான் படியேறுகிறேன்.