குலம் எழுதிய நகரம்

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கட்டட வரைபடம் கீறிப் பிழைத்தவன், அளக்க முடியாத எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. நீங்களும் இதை ஏற்கத் தேவையில்லை, கேட்டால் போதும்.

எழுபதுகளின் நடுவில் நானும் மனைவி தவமணியும் சிட்னியில், லிட்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இல்லை. என்னைத் தவிர அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி குலம். கப்பலில் வேலைக்குப் போனவன், சான் பிரான்சிஸ்கோவில் இறங்கித் திரும்பி ஏறவில்லை. விசா இல்லாததால் கட்டட வேலைகளில் மண் வெட்டினான்.

மாதம் ஒரு கடிதம் வரும், முழுக்க அந்த நகரத்துப் புதினம்தான். ஓகஸ்ட் மாதக் கோடையிலும் கடல் பனிமூட்டம் வந்து சுவெட்டர் போடவைக்குமாம். தங்கம் தேடிப் போன மாலுமிகள் கைவிட்ட கப்பல்களை மண் போட்டு மூடி, அதற்கு மேலேதான் தெருக்களும் வங்கிகளும் கட்டியிருக்கிறார்களாம். நிலத்தின் விலை ஏறியதும் இடுகாடுகளைத் தோண்டி, செத்தவர்களையெல்லாம் பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டார்களாம், கேட்க ஆள் இல்லாத கல்லறைக் கற்கள் கடலணை கட்டப் போயினவாம். "இந்த ஊரில சாகிறதுக்கு இடமில்லை அக்கா" என்று ஒருமுறை பகிடியாக எழுதியிருந்தான். தவமணி சிரிக்கவில்லை.

பிறகு கடிதம் நின்றது. எட்டு மாதம். நான் எழுதியவை ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. பொலிசில் விசாரிக்கலாம் என்றால், விசா இல்லாதவனைப் பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்று பயம். தவமணி நூலாக மெலிந்துபோனாள்.

ஜனவரி மாதம், சிட்னியில் கோடைகாலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்துகிறது. குசினியில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் எதிரே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "அத்தான்" என்றாள். அவள் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் "இஞ்சாருங்கோ"தான். அத்தான் என்கிறவன் குலம் ஒருவன்தான். குரல் அவளுடையது, பேசிய விதம் அவனுடையது.

"அத்தான், குளிருது. தோண்டின கிடங்குக்குள்ள மண் சரிஞ்சு போச்சு. எனக்குக் கீழ பழங்கப்பல் பலகை. தார் மணக்குது."

"தவம், என்ன கதைக்கிறீர்?"

"அக்காட்டைச் சொல்லாதேங்கோ. அவ தாங்கமாட்டா. நான் எங்கையோ வேலை செய்யிறன் எண்டே இருக்கட்டும்."

கையைப் பிடித்தேன். நம்பினால் நம்புங்கள், அந்த வெக்கையில் அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது, தலைமயிரில் பனி பூத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் புறங்கையால் கண்ணைத் துடைத்து, "வெங்காயம் எரியுது" என்று மிச்சத்தை உரிக்கத் தொடங்கினாள். ஒன்றும் நடக்காத மாதிரி.

நான் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் சொல்லவில்லை. தினமும் அவள் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பாள், "நாளைக்கு வரும்" என்பேன். ஒளித்திருக்கிறான், அங்கே கலியாணம் கட்டியிருப்பான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். வென்ட்வேர்த்வில்லுக்கு வீடு மாறியபோதும் பழைய வீட்டுக்காரியிடம் புது விலாசம் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். அந்தப் பொய்யைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

கடைசியில் அவளுக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு காலை, "இனிச் சொல்லலாம்" என்றாள். "குலம் எப்பவோ போயிட்டான். எனக்குத் தெரியும். அத்தானிட்டைச் சொல்லாதை, அவர் உடைஞ்சுபோவார் எண்டு சொன்னவன். அதுதான் கடிதம் பாக்கிற மாதிரி நடிச்சனான்."

"ஆருக்குச் சொன்னவன்? எப்ப?"

"நான் வெங்காயம் உரிச்ச அந்த வெயில் ஞாயிறு, பின்னேரம். நீங்கள் முன்னறைக் கதிரையில இருந்தனீங்கள். என்னை அக்கா எண்டு கூப்பிட்டனீங்கள். உங்கட வாயாலதான் சொன்னவன்."

அந்தப் பின்னேரத்தை இன்றுவரை தேடுகிறேன். குசினி ஞாபகம் இருக்கிறது, அடுத்த நாள் வேலைக்குப் போன ரயில் ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை.

வேறு என்ன சொன்னான் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "அதுவும் உங்கட வாயாலதான் வந்தது, அதை நான் திருப்பிச் சொல்லமாட்டன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் போய்விட்டாள், அதுவரை என் பக்கம் திரும்பவில்லை.