சாம்பியாவுக்கு முந்திய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். ஜெயரட்ணம் மாஸ்டர் போன் எடுத்தார்.

"மிஸ், இவ சாப்பாட்டு மேசைக்குக் கீழை இருக்கிறா. வெளியிலை வரமாட்டாவாம். என்னையும் உள்ளுக்கு வரச் சொல்லுறா."

"மாத்திரை குடுத்திட்டியளோ?"

"இன்னும் இல்லை. சாப்பிட்ட பிறகு எண்டு கையிலை வைச்சிருக்கிறன்."

"குடுக்காதேங்கோ. நான் வாறன்."

அடுப்பை நிறுத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். சாவகச்சேரியில் இருக்கும் என் வீட்டிலிருந்து மீசாலையில் மாஸ்டரும் மனைவியும் இருக்கும் வீட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த மாத்திரையை முதன்முதலில் எடுத்துக் கொடுத்தவள் நான்.

1. ஏழாவது கேள்வி

அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய தனியார் கிளினிக்கில் சேர்ந்தேன். வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடுவதும் மலேரியாத் தடுப்பு மருந்து கொடுப்பதும் என் வேலை. நம் நாட்டில் இப்போது மலேரியா இல்லை. ஆனால் அதைக் காவுகிற நுளம்பு இருக்கிறது. ஆபிரிக்கா போன ஒருவர் அந்தக் காய்ச்சலோடு திரும்பினால் போதும், ஊருக்குள் மறுபடி பரவலாம். ஆகவே அந்தக் கதிரையில் இருந்தபோது நான் பயந்ததெல்லாம் மலேரியாவுக்குத்தான்.

மாஸ்டரும் மனைவி ரூபி அக்காவும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். மெல்பேர்னில் இருக்கும் ஒரே மகன் டேவிட், குடும்பம் முழுவதற்கும் சாம்பியாவில் ஒரு சஃபாரி லொட்ஜில் ஐந்து நாள் புக் பண்ணியிருந்தான். புறப்பட மூன்று கிழமை இருந்தது. மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சின்ன விமானம் என்பதால் சில்லு வைத்த சூட்கேஸ் கூடாது, மெத்தென்ற பைதான் வேண்டும். கறுப்பும் கடும் நீலமும் உடுத்தினால் ஒருவகை ஈ கடிக்கும். ஆமிக்காரர் போடுகிற மாதிரிப் புள்ளி உடுப்புப் போடுவது அங்கே சட்டப்படி குற்றம்.

"உதை நாங்கள் ஏன் போடப் போறம்?" என்று ரூபி அக்கா சிரித்தார். அன்று அவர் வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

அந்த இடத்துக்கு டொக்டர் வழக்கமாக எழுதுகிற மருந்து மெஃப்ளோகுவின். ஏழு நாளைக்கு ஒன்றாகக் கிழமைக்கு ஒரு மாத்திரை. மூன்று கிழமைக்கு முன்னமே தொடங்கவேண்டும், ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றுவதற்கு நேரம் இருக்கும். ஆனால் முன்பு மனநோயோ வலிப்போ வந்தவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. எங்கள் படிவத்தில் அது ஏழாவது கேள்வி.

"மனசு சம்பந்தமான வருத்தம் ஏதும், முந்தி எப்பவாவது?"

ரூபி அக்கா மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார். மாஸ்டர் ரூபி அக்காவைப் பார்த்தார்.

"அப்பிடி ஒண்டும் இல்லை மிஸ்," என்றார் மாஸ்டர்.

நான் "இல்லை" என்ற பெட்டியில் சரி போட்டேன். வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். என் படிவத்தை நம்பி டொக்டர் எழுதினார். அடுத்த நாள் தேவாலயம் போய்வந்து, சாப்பிட்ட கையோடு இருவரும் முதல் மாத்திரையைப் போட்டார்கள்.

2. சிங்கப் பயம்

இரண்டாவது மாத்திரை போட்டு மூன்றாம் நாள் மாஸ்டர் கிளினிக்குக்குப் போன் எடுத்தார்.

"இவவுக்கு நித்திரை இல்லை மிஸ். வாசல் படலை ஆட்டினாலே திடுக்கிடுறா. மேலை பிளேன் ஏதும் போனால் காதைப் பொத்துறா."

நான் சிரித்தேன். அதை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. "முதல் முதல் போறவைக்கு வாற பயந்தான் மாஸ்டர். சிங்கம் கனவிலை வருதாக்கும்."

"மகனும் அப்பிடித்தான் சொல்லுறான்," என்று அவரும் ஒப்புக்குச் சிரித்தார்.

அந்த மாத்திரையின் உறையிலேயே எழுதியிருக்கிறது: நித்திரைக் குழப்பம், காரணமில்லாத பயம். எத்தனையோ பேருக்கு அதை வாசித்துக் காட்டியவள் நான். ஆனால் படிவத்தில் "இல்லை" என்று இருந்ததால், ரூபி அக்காவின் பயத்தை சாம்பியாவின் தலையில் கட்டிவிட்டேன்.

3. மேசைக்குக் கீழ்

நான் போனபோது மாஸ்டர் வாசலில் நின்றார். உள்ளே, ரூபி அக்கா மேசைக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் டேவிட் அனுப்பிய சஃபாரிப் பை. புதிதாக வாங்கிய மண்ணிற உடுப்பெல்லாம் லேபலோடு நிலத்தில் கிடந்தன. பைக்குள் அடையாள அட்டைகள், காணி உறுதி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஒரு பை அரிசி, சின்னப் பானை.

சண்டையில் இடம்பெயர்ந்த காலத்தில் நானும் அப்படி ஒரு பை கட்டியவள்.

மாஸ்டரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து மேசைக்குக் கீழே போனேன்.

"ரூபி அக்கா, என்ன சத்தம் கேக்குது?"

"கிட்ட வருது மிஸ். நீங்களும் தலையைக் குனியுங்கோ."

குனிந்தேன். அவர் கை சில்லிட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "இப்பிடி முந்தியும் வந்ததோ?"

அவர் வாசற்பக்கம் பார்த்தார். பிறகு என் காதோடு சொன்னார். "கலியாணத்துக்கு முந்தி. தம்பி ஷெல்லிலை போன பிறகு. ஆறு கிழமை ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தவை. ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. இவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் என்னை விட்டிடுவார் மிஸ்."

முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவரைப் பற்றி அப்படிச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு மாத்திரை உள்ளே போய்விட்டது. எடுத்துவிட முடியாது. அந்த மருந்து உடம்பை விட்டுப் போகக் கிழமைக்கணக்காகும். அதுவரை ரூபி அக்காவுக்கு என்ன நடந்தாலும் அது என் கையால் நடந்தது.

மேசைக்குக் கீழிருந்தே டொக்டருக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார். "ஏழாவது கேள்விக்கு ஆர் பதில் சொன்னது? அவவோ, அவரோ?"

"அவர், டொக்டர்."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். மனநல டொக்டருக்குத் தானே அறிவிப்பதாகவும், ஒரு நிமிடமும் தனியே விடவேண்டாம் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பழைய வருத்தத்தைச் சொல்லாமல் முடியாது. ரூபி அக்காவிடம் அதைச் சொன்னேன். "மாஸ்டருக்கு நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்." கடைசியில் மாஸ்டரைக் கூப்பிடச் சொன்னார்.

மாஸ்டர் வந்து, நோகிற முழங்காலை மடித்து நிலத்தில் இருந்தார். ரூபி அக்கா தொடங்கி இரண்டு சொல் சொல்லியிருப்பார்.

"எனக்குத் தெரியுமப்பா," என்றார் மாஸ்டர். "கலியாண எழுத்துக்கு முதலே உம்மடை அண்ணை வந்து சொல்லிப்போட்டார்."

ரூபி அக்கா அவரையே பார்த்தபடி இருந்தார். நான்தான் கேட்டேன், கோபத்தோடு. "பிறகு ஏன் மாஸ்டர் இல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"அவ பேசாமல் இருந்தவ மிஸ். எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குத் தெரியாது. பிறத்தியாருக்கு முன்னாலை நான் எப்பிடிச் சொல்லுறது?"

அவர் கையை நீட்டினார். ரூபி அக்கா அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

4. அதற்குப் பிறகு

அடுத்த கிழமைகள் எனக்கு நல்லாய் நினைவிருக்கின்றன. ரூபி அக்கா நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது கிணற்றுக்கு மேல் தகரம் போட்டுக் கல் வைத்திருந்தது. இரவில் ரூபி அக்கா எழும்பி அந்தப் பக்கம் போய்விடுவாரோ என்று மாஸ்டர் செய்தது. போன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மாஸ்டரோ என்றுதான் முதலில் பார்த்தேன். ஐந்தாம் கிழமைதான் மாஸ்டர், "நேற்று விடியுமட்டும் படுத்தவ மிஸ்," என்றார். அன்று கிளினிக்கின் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டேவிட் சாம்பியாவை ரத்துச் செய்தான். அடுத்த வருடம், மனநல டொக்டர் சம்மதித்த பிறகு, தென்னாபிரிக்காவில் மலேரியா இல்லாத ஒரு காட்டைத் தேடிப் பிடித்தான். மாத்திரை இல்லாமலே போனார்கள். திரும்பி வந்த ரூபி அக்கா என்னிடம் சொன்னார்: "பயமாய்த்தான் இருந்தது மிஸ். ஆனால் எல்லாருக்கும் பயமாய் இருந்தது. டேவிட்டுக்கும்தான்."

நான் செய்த பிழையை டொக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தக் கேள்வியை ஒருவரையும் ஆட்களுக்கு முன்னால் கேட்பதில்லை. கணவன், மனைவி, தாய், மகள் யாராயிருந்தாலும் ஒருவர் வெளியே போகவேண்டும். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி. சிலருக்குக் கோபம் வரும். "எங்களுக்கிடையிலை என்ன ஒளிப்பு மிஸ்?" என்பார்கள். "ஒண்டும் இல்லைத்தான், ரெண்டு நிமிசம் வெளியிலை இருங்கோ," என்பேன்.

கதவைச் சாத்திய பிறகும் அநேகமானோர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். எப்போதாவது ஒருவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுப்பார். அந்த ஒருவருக்காக மற்ற எல்லோரிடமும் ஏச்சு வாங்கலாம்.