கால்நடைகளின் எண்ணிக்கை

பதிவேட்டில் ஏறாத கடிதம் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளில் குண்டூசி டப்பா வரை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியவன் நான். இந்த ஒரு காகிதத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எழுதியவர் கல்வராயன் மலைப் பள்ளியின் வேதியியல் டீச்சர்.

அவருக்கு நைனார்பாளையம் சொந்த ஊர். மலையில் மாணவியர் விடுதியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மார்கழியில் மேகம் மலைமேல் உட்கார்ந்துவிட்டால் மின்சாரம் போய்விடும். நாலைந்து நாளுக்குத் திரும்பாது. அரையாண்டுத் தேர்வும் சரியாக அப்போதுதான் வரும். டீச்சர் வெயில் நாட்களில் சூரியத் தகட்டின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார். பள்ளிக்குப் பின்னால் திறந்தவெளியில், தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த நீல ட்ரம்மில் அது சேரும். சேரச் சேர ட்ரம் மேலே எழும்பும். மூடுபனி நாட்களில் அந்த வாயுவை மீண்டும் மின்சாரமாக்க ஒரு சிறிய பெட்டி. தான் படித்த கல்லூரியில் கெஞ்சி வாங்கி வந்தது. படிப்பறையில் இரண்டு பல்பு எரியும். பேட்டரி போதாதா என்று ஒருமுறை கேட்டேன். “பேட்டரி மூணு வருசத்துல செத்துடுதுங்க சார். புதுசு கேட்டு எழுதினா உங்க ஆபீஸ்ல நாலு வருசம் ஆவுது” என்றார்.

மலைக்கு வந்த மேலதிகாரி ஒருவர் கண்ணில் ட்ரம் பட்டது. அனுமதியின்றி வாயு சேமிக்கும் கலனை அகற்றி அறிக்கை அனுப்பும்படி உத்தரவு வந்தது. கல்வி அலுவலக மேலாளர் என்ற முறையில் அது என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஹைட்ரஜனுக்கு எங்களிடம் படிவம் இல்லை. சாண எரிவாயுவுக்கு இருந்தது. அதிலும் கவிழ்த்த கலன்தானே என்று அதையே அனுப்பி வைத்தேன். எல்லாம் நிரப்பித் திரும்பி வந்தது. ‘கால்நடைகளின் எண்ணிக்கை’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தது. இரண்டு என்று எழுதுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போன் செய்தேன்.

“இல்லாத மாட்ட எப்பிடிங்க சார் எழுதறது? பொய்யா ரீடிங் எழுதற பிள்ளைக்கே நான் மார்க் போடறதில்லிங்க.”

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினேன், பையில் உத்தரவோடு. மூடுபனி தொடங்கி மூன்றாவது நாள். மாலையில் அந்த இரண்டு பல்புகளின் கீழே முப்பது தலைகள் குனிந்திருந்தன. ஒரு பெண்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே தொட்டியோரம் விடுதிக் காவலாளியின் மாடுகள் இரண்டு நின்றன. அவரைக் கேட்டேன். “தெனமும் இங்கதாங்க மேஞ்சிகினு இருக்கும்” என்றார். திரும்பி வந்து அறிக்கை எழுதினேன்: ‘ஆய்வின்போது கலனுக்கு அருகில் இரண்டு மாடுகள் காணப்பட்டன.’ ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அனுமதி வந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம், தலைமையாசிரியர் வழியாக முறைப்படி வந்ததுதான் இந்தக் கடிதம். ‘மேற்படி மாடுகள் காவலாளிக்குச் சொந்தமானவை. கலனுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆவணத்தைத் திருத்த வேண்டுகிறேன்.’ பதிவேட்டில் ஏற்றி எண் போட்டிருந்தால் அன்றே அனுமதி ரத்தாகியிருக்கும், அவருடைய விளக்குகளும் அணைந்திருக்கும். அலுவலக இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் டீச்சர் கேக்கோடு என் வீட்டுக்கு வருவார். உட்காருவதற்கு முன்பே கேள்வி வரும்.

“நம்ம லெட்டர் இன்னா ஆச்சுங்க சார்?”

“பரிசீலனையில இருக்குதுங்க டீச்சர்.”

“உங்க பரிசீலன என் ட்ரம்ம விட ஜாஸ்தி நாள் தாங்குதுங்க.”

இப்போது பத்திரிகைகள் ஹைட்ரஜனை எதிர்கால எரிபொருள் என்கின்றன. பளபளக்கும் கலன்களைப் படம் போடுகின்றன. எந்தப் படத்திலும் மாடு இல்லை. டீச்சர் பார்த்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார், ஆவணியில் காலமாகிவிட்டார்.

இந்த வருடம் கேக்கை அவருடைய மகள் கொண்டுவந்தார். கேள்வி வரவில்லை. மலையில் மூடுபனி என்றும், விடுதியில் விளக்கு எரிகிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். ஓய்வு பெற்றவன் குறிப்பெழுத எந்த விதியிலும் இடமில்லை. ஆனாலும் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்:

‘மாடுகள் இல்லை. திருத்தம் ஏற்கப்பட்டது. விளக்கு எரிகிறது.’