புகை ரசாக்கும் என் வெள்ளைத் துப்பட்டியும்

போத்தனூரில் ரசாக் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புகை ரசாக் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். என் வீட்டுக்காரர்தான். அவருடைய லாரி தெருமுனையில் திரும்பியதும் பெண்கள் காயப்போட்ட துணியை வாரிக்கொண்டு ஓடுவார்கள். திட்டு எனக்கு விழும்.

டீசல் பம்பில் ஒரு திருகு உண்டு. அதைத் திறந்துவிட்டால் டீசல் கூடுதலாகப் பாயும். மேட்டில் வண்டி சீறும், பின்னால் கரும்புகை கக்கும். இவர் அதை முடிந்த மட்டும் திறந்து வைத்திருந்தார். மேட்டில் இவரை முந்தியவன் கிடையாது என்று ஒரே பெருமை. கல்யாணமான நாளாக என்னை முன் சீட்டில் ஏறச் சொல்லிக் கெஞ்சினார். நான் போர்த்துவது வெள்ளைத் துப்பட்டி. ஏறுவேனா?

தொண்ணூறுகளில் லாரிப் புகைக்கும் ஒரு சட்டம் வந்தது. சோதனையில் தேறாத லாரி ரோட்டில் ஓடக் கூடாது. அன்னூரிலிருந்து லாரி முதலாளி சுப்பண்ணன் வந்தார்.

"ரசாக்கு, இந்தவாட்டி தேறலீன்னா வண்டியக் காயலாங்கடைக்குத் தள்ளிப்போடுவனுங்க."

இவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, வேற வண்டி ஓட்டறது?" என்றேன்.

"வேற பொண்டாட்டி கட்டச் சொல்றயா?"

"கட்டித்தான் பாருங்க!"

சோதனை நாளன்று வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நானும் பஸ் ஏறிப் போனேன். இவர் ஒரே சிரிப்பாக நின்றார்.

"பம்பத் தொடவே இல்ல மெஹராஜு. பல்லடத்து வேஸ்ட் நூல சைலன்சருக்குள்ள திணிச்சுப்போட்டேன். புகையப் பூராக் குடிச்சுப்போடும், பாரு."

எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்கு எல்லா நோய்க்கும் தறியில் மிஞ்சும் நூல்தான் மருந்து. கை துடைக்க அதுதான், ஒழுகுகிற மூடியை அடைக்கவும் அதுதான். சைலன்சரில் திணித்த புத்திசாலி இவர் ஒருத்தர்தான்.

சோதனை செய்பவர் கருவியின் குழாயைச் செருகுவதற்கு முன், "உள்ள இருக்கற கரி போகட்டும், நல்லா மிதிங்க" என்றார். சுப்பண்ணன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மிதித்தார்.

டமார்!

திணித்த நூல் கரி உருண்டையாகப் பறந்து வந்து முதலாளியின் நெஞ்சில் மோதி வெடித்தது. அவரிடம் பல் மட்டும்தான் வெள்ளையாக மிச்சம். வரிசையில் நின்ற டிரைவர்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். நான் துப்பட்டியை வாயில் அமுக்கிக்கொண்டேன்.

"வண்டிய வித்துப்போடலாமுங்க, ரசாக்கு" என்றார் சுப்பண்ணன், மூக்கைத் துடைத்தபடி.

சிரிப்பு நின்றது. இவர் யாரையும் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து பானெட்டுக்குள் தலையை விட்டு, அந்தத் திருகைத் தன் கையாலேயே மூடினார்.

குழாயைச் செருகியதும் மறுபடி மிதித்தார். புகைக்கு வரம்பு அறுபத்தைந்து. கருவியின் முள் அறுபதைத் தாண்டவில்லை. சுப்பண்ணன் ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்து, தன் கரியில் பாதியைக் கொடுத்தார்.

"இப்ப ஏறுவியா?" என்று இவர் கேட்டார். ஏறினேன்.

மேட்டில் டவுன் பஸ் எங்களை முந்தியது. பின்னால் வந்த மொபெட்டும் முந்தியது. இவர் பல்லைக் கடித்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தெருவில் ஒருத்தரும் ஓடவில்லை. துணிகள் கொடியிலேயே ஆடின. பொறுக்காமல் ஹாரனை அழுத்தினார். எதிர்வீட்டு இஸ்மத் அக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, யாரு வண்டிங்க?" என்றார்.

இவர் முகம் செத்துப்போனது.

"எங்க வண்டிதானுங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். இவர் இறங்கி ஓடிவந்து என்னை இறக்கிவிடக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு குதித்தேன். வழியெல்லாம் ஒரு பொட்டு அழுக்கு படாத துப்பட்டியில் இவருடைய அஞ்சு விரலும் கரியாகப் பதிந்தன. அன்றைக்கு மட்டும் நான் திட்டவில்லை.